பனியனுக்கு மூணு செக்கிங், கழுத்துக்கு?

"எனக்குத் தைராய்டு இருக்குங்க."

டவுன் பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில் என்று இந்த வாக்கியம் காதில் விழாத நாளே இல்லை. சொல்கிறவர் குரலில் சோகம். கேட்கிறவர் முகத்தில் பரிதாபம். தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது, தாயே! கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் இருபது கிராம் தேறுகிற சின்னச் சுரப்பி அது. இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

நோயின் பெயரைச் சொல்வதிலேயே இவ்வளவு குழப்பம் என்றால் அது யாருக்கு லாபம்? அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுவோம். சுரப்பி குறைவாகச் சுரப்பது ஒன்று. அதற்கு மாத்திரை இருக்கிறது. அதிகமாகச் சுரப்பது இன்னொன்று. அதற்கும் மருந்து இருக்கிறது. மூன்றாவது, சுரப்பிக்குள் கட்டி வருவது. சுரப்பு சரியாகவே இருக்கும். உடம்பில் ஒரு தொல்லையும் இருக்காது. கண்ணாடி முன்னால் நின்று எச்சில் விழுங்கும்போது ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கும். அல்லது வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தட்டுப்படும். இந்தக் கட்டியை வைத்துத்தான் இன்று பெரிய வியாபாரம் நடக்கிறது.

கணியூரை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை நெடுஞ்சாலையில் டோல்கேட் இருக்கிறதே, அந்தக் கணியூர் இல்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகிற பேரூராட்சி. வயல் வேலை குறையக் குறைய, மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் பெண்களை அனுப்புகிற ஊர்களில் ஒன்று.

அங்கே நாற்பது வயதுப் பெண் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறவர். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் மகளின் கல்லூரி ஃபீஸ் கட்ட முடியும். அவர் எங்கே போவார்?

உடுமலையில் ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, கொழுப்புக் கட்டியா இருக்கும், விடுங்க" என்கிறார். மனசு கேட்காமல் திருப்பூரில் இன்னொருவரிடம் போகிறார். அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதைப் பத்து விநாடி பார்த்துவிட்டு, "உடனே எடுத்துடணும். விட்டா கேன்சரா மாறிடும். நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க" என்கிறார். பொள்ளாச்சி வழியாகப் பஸ் பிடித்துக் கோவைக்குப் போனால் மூன்றாமவர், "முழுசா எடுக்க வேணாம், பாதி போதும்" என்கிறார்.

ஒரே கழுத்து. ஒரே கட்டி. மூன்று தீர்ப்பு. "ஏனுங்க டாக்டர், முன்னாடி பார்த்தவரு வேற மாதிரி சொன்னாருங்களே?" என்று கேட்டுவிட்டாலோ, "அப்ப அவருகிட்டயே போங்க" என்று பதில்.

இந்தப் பதிலைத்தான் நான் எதிர்க்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் வெளிநாட்டுக்குப் போவதற்குள் எத்தனை பேர் கண்ணில் படுகிறது தெரியுமா? தைத்து முடித்ததும் செக்கிங். ஓட்டை, கறை, தையல் விட்டது என்று பீஸ் பீஸாக விரித்துப் பார்ப்பார்கள். அயர்ன் ஆனதும் இன்னொரு செக்கிங். கடைசியில் பையர் தரப்பிலிருந்து ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார். சரிசெய்யக்கூடியது தனியாகப் போகும், டேமேஜ் தனியாகப் போகும். ஒரு பீஸில் நூல் பிரிந்திருக்கிறது என்பதற்காக லாட் மொத்தத்தையும் யாரும் வெட்டிப் போடுவதில்லை. இரண்டாவது ஆள் பார்த்ததற்காக முதலில் பார்த்தவர் கோபித்துக்கொள்வதும் இல்லை.

நூறு ரூபாய் பனியனுக்கு மூணு செக்கிங். அதைத் தைத்த பெண்ணின் கழுத்துக்கு ஒரே செக்கிங், அதுவும் பத்து விநாடி!

இந்தக் கட்டிகள் எவ்வளவு சகஜம் என்பதைப் பார்ப்போம். கையால் தடவிப் பார்த்தாலே தெரிகிற கட்டி, நூறு பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஸ்கேன் வைத்துத் தேடினால் கதையே மாறிவிடும். பல நாட்டு ஆய்வுகளில், நூறு பேரைத் தேடியபோது 19 முதல் 68 பேர் வரைக்கும் கட்டி அகப்பட்டிருக்கிறது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். நீங்களும் நானும் இன்றைக்கே போய்ப் படுத்தால் நம் இருவரில் ஒருவருக்கு அகப்பட்டாலும் ஆச்சரியமில்லை.

இவற்றில் எத்தனை புற்றுநோய்? அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015-ம் ஆண்டு வழிகாட்டுதல் 7 முதல் 15 சதவீதம் வரை என்கிறது. அதாவது நூறு கட்டிகளில் 85-க்குக் குறையாமல் சாதுவான கட்டிகள். அந்தப் புற்றுநோயிலும் பெரும்பான்மை 'பாப்பிலரி' என்ற வகை. ஆமை வேகத்தில் வளர்வது, சரியாகச் சிகிச்சை செய்தால் உயிருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

"விட்டா கேன்சரா மாறிடும்" என்பது இந்த வியாபாரத்தின் மூலமந்திரம். இத்தாலியில் சாதுவான கட்டிகள் உள்ள 992 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத்தான் கட்டி வளர்ந்திருந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது ஆயிரம் கட்டிகளுக்கு மூன்று. மந்திரம் எவ்வளவு பலிக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் கேட்டால் திடுக்கிடுவீர்கள். 1985-ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது. வேறு வேறு காரணங்களால் இறந்துபோன 101 பேரின் தைராய்டுகளை மெல்லிய வில்லைகளாக அரிந்து பார்த்தார்கள். 36 பேருக்குள் பொடிப் பொடியான பாப்பிலரி புற்றுநோய் இருந்தது. அவர்களை அது கொல்லவில்லை. இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்? கழுத்தில் தழும்போடு போய்ச் சேர்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தேட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாடே உதாரணமாக நிற்கிறது. தென்கொரியா.

1999-ல் அந்த அரசு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் தைராய்டு கிடையாது. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் மருத்துவமனைகள், "கொஞ்சம் பணம் சேர்த்துக் கட்டினால் கழுத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்" என்றன. நம் ஊரில் மகளிர் தின ஆஃபர், ஆடி ஆஃபர் என்று மாஸ்டர் ஹெல்த் செக்கப் விற்கிறார்களே, அதே சங்கதி. ஜனங்கள் கட்டினார்கள். 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு தைராய்டு புற்றுநோய் 2011-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் 40,000 பேர். சாவு? எப்போதும் போல ஆண்டுக்கு 300, 400. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கண்டுபிடித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கத்தி வைத்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்குச் சுரப்பியை முழுசாக எடுத்தார்கள். ஆபரேஷன் ஆன 15,000 பேருக்கு மேற்பட்டவர்களின் இன்ஷூரன்ஸ் கணக்கைப் புரட்டியபோது, நூற்றுக்கு 11 பேருக்குக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருந்தன. 2 பேருக்குக் குரல் நாண் செயலிழந்திருந்தது. செத்தவர் எண்ணிக்கை குறையவில்லை. பேச்சு போனவர் எண்ணிக்கைதான் கூடியது.

2014 மார்ச்சில் அந்த நாட்டு டாக்டர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். பத்திரிகைகளும் டி.வி.யும் பிடித்துக்கொண்டன. ஒரே ஆண்டில் தைராய்டு ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. கவனியுங்கள், நிறுத்தச் சொன்னவர்களும் டாக்டர்கள்தான். நம் ஊரில் அப்படி எட்டுப் பேர் சேர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

கொரியா தூரம் என்கிறீர்களா? உடுமலையிலிருந்து மலை ஏறி இறங்கினால் கேரளா. திருவனந்தபுரம் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் இதே கோடுதான். பத்தாண்டுகளில் தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது, குறிப்பாகப் பெண்களிடம். இது நோய் கூடியதாலா, தேடுதல் கூடியதாலா என்று 2017-ல் ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் நோய்த் தடுப்புக்கான வல்லுநர் குழு, அறிகுறி இல்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம், நன்மையைவிடத் தீமை அதிகம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில், 1993-ல் டாக்டர் மியாவுச்சி ஒரு யோசனை சொன்னார். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஆபத்து அறிகுறி இல்லாத பாப்பிலரி புற்றுநோய் என்று உறுதியானாலும் உடனே வெட்ட வேண்டாம், முறையாக ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்போம் என்றார். அப்படிக் கண்காணித்த 1,235 பேரின் கதையை 2014-ல் வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு 8 பேருக்குத்தான் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது. வளர்ந்தவர்களுக்கு அப்புறம் ஆபரேஷன் செய்தார்கள். அந்தப் புற்றுநோயால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை.

புற்றுநோய் என்று ஊர்ஜிதமானவர்களையே பொறுத்திருந்து பார்க்கிற உலகம் இது. நம் ஊரில் என்ன கட்டி என்றே தெரியாமல், "நாளைக்கே அட்மிட்"!

2016-ல் இன்னொன்று நடந்தது. பல நாட்டு நோய்க்குறியியல் நிபுணர்கள் கூடி, தைராய்டு புற்றுநோய் வகை ஒன்றிலிருந்து 'புற்றுநோய்' என்ற வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். உறைக்குள் அடங்கிக் கிடக்கிற, பரவாத கட்டிக்கு அந்தப் பெயர் தேவையில்லை, பெயரைக் கேட்டே ஜனங்கள் பாதி செத்துப்போகிறார்கள் என்பதுதான் காரணம். வார்த்தையால் வருகிற நோயை மேல்நாட்டு டாக்டர்கள் உணர்ந்துவிட்டார்கள். இங்கே அந்த வார்த்தைதான் முதலீடு.

இப்படிச் சொல்வதால் நான் சர்ஜன்களுக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். தைராய்டு ஆபரேஷனின் பிதாமகர் என்று யாரையாவது சொல்வதென்றால் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோகர். ஒரு காலத்தில் இந்த ஆபரேஷன் என்றால் சாவுக்குச் சீட்டு எழுதின மாதிரி. கோகர் கைபட்டு, இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1909-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அவரைப் பெரியவர் ஆக்கியது வேறொன்று. முழுச் சுரப்பியையும் எடுத்து அனுப்பிய நோயாளிகளைச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். முகம் வீங்கி, புத்தி மந்தப்பட்டு, நடைபிணமாக இருந்தார்கள். 1883-ல் அதை மறைக்காமல் சபையில் சொன்னார். சாதாரணக் கழலைக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதை நிறுத்தினார்.

வெட்டினால் போதாது, வெட்டியவரைத் திரும்ப வரவழைத்தும் பார்க்க வேண்டும். அதுதான் வைத்தியம்.

இன்று தைராக்ஸின் மாத்திரை இருப்பதால் நடைபிணம் ஆகவேண்டியதில்லை. ஆனால் முழுசாக எடுத்துவிட்டால் உயிருள்ளவரை தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. ரத்தப் பரிசோதனை. சிலருக்குக் கால்சியம் இறங்கிக் கை, கால், உதடெல்லாம் மரத்துப்போகும். குரலுக்குப் போகிற நரம்பு சுரப்பிக்கு ஒட்டியே ஓடுகிறது. அதில் அடிபட்டால் குரல் கம்மிவிடும். மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசிப் பிழைக்கிற பெண்ணுக்குக் குரல் போனால் என்ன ஆகும்? பாதி மட்டும் எடுத்தால் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. ஆக, முழுசா பாதியா என்பது கழுத்துக்கு உரியவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

ஏன் கேட்பதில்லை? கெட்ட டாக்டர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கோளாறு அதைவிட ஆழம்.

ஸ்கேன் எடுத்தால் காசு. ஊசி போட்டால் காசு. அட்மிட் செய்தால் காசு. ஆபரேஷன் செய்தால் பெரிய காசு. "ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அரை மணி நேரம் விளக்கிச் சொல்வதற்கு? கன்சல்டிங் ஃபீஸ் மட்டும்தான். காப்பீட்டுத் திட்டங்களும் அப்படியே. 2009-ல் கலைஞர் காப்பீடாக வந்து, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீடாக மாறிய திட்டம் எத்தனையோ ஏழைகளைக் காப்பாற்றியிருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் காப்பீடு என்றால் பெரும்பாலும் படுக்கையில் படுத்தவருக்குத்தான் பணம். பொறுத்திருந்து பார்ப்பதற்குப் பெரும்பாலும் 'பேக்கேஜ்' கிடையாது. வெட்டினால் பணம், யோசித்தால் பணமில்லை என்று விதி வைத்துவிட்டு, ஏன் வெட்டுகிறார்கள் என்று கேட்பதில் என்ன அர்த்தம்?

இது என் கற்பனை பயமில்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காக ஏழைப் பெண்களின் கர்ப்பப்பைகளைத் தேவையில்லாமல் எடுத்தார்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார் டாக்டர் நரேந்திர குப்தா. 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவு. கர்ப்பப்பைக்கு நடந்தது கழுத்துக்கு நடக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

சரி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால், அங்கே நேரம் இல்லை. இந்தியாவில் ஆரம்பக்கட்ட டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடம்தான் என்று 2017-ல் ஒரு சர்வதேச ஆய்வு சொன்னது. இரண்டு நிமிடத்தில் கட்டியைத் தொடலாம். கவலையைத் தொட முடியாது.

மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நானும் ஒரு மாதிரி வியாபாரிதான். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று தொட்டுப் பார்த்து மட்டும் அனுப்பினாரே முதல் டாக்டர், அவரும் தப்பு செய்தவர்தான். "பச்சிலை கட்டினா கரைஞ்சிடும் கண்ணு" என்கிற பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படியே. கட்டி கல் மாதிரி இறுகியிருந்தால், சில வாரங்களிலேயே வேகமாக வளர்ந்தால், குரல் கம்மினால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருந்தால், குழந்தைக்கு வந்திருந்தால், சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால், ரத்த சொந்தத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கட்டுரையைக் காட்டி ஆபரேஷனை மறுக்கவும் மறுக்காதீர்கள். வேண்டியவருக்குக் கத்திதான் கடவுள்.

"மாத்திரை போட்டுக் கரைச்சிடலாம்" என்று சிலர் தைராக்ஸின் கொடுப்பார்கள். சுரப்பு சரியாக இருக்கிறவருக்குக் கட்டியைக் கரைக்க அதைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எலும்புக்கும் இதயத்துக்கும் வீண் வம்பு. "ஆபரேஷன் இல்லாமல் ஊசியில் கருக்குகிறோம்" என்பது புது விளம்பரம். அது நல்ல முறைதான், ஆனால் சாதுவான கட்டி என்று ஊசிப் பரிசோதனையில் உறுதியாகி, அது பெரிதாகித் தொல்லையும் கொடுப்பவர்களுக்கு. எல்லோருக்கும் அல்ல.

அப்படியென்றால் என்ன செய்வது? டாக்டர் முன்னால் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்விகளைத் தருகிறேன். வெட்டி எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்தாச்சா? அது குறைவாக இருந்தால் கட்டியே அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தமாகலாம். அந்த வகை புற்றுநோயாக இருப்பது அபூர்வம். வழியே வேறு.

2. ஸ்கேனில் கட்டியின் அளவு என்ன, 'டி.ஐ.ராட்ஸ்' எத்தனை? ஒன்றிலிருந்து ஐந்து வரை இருக்கிற சந்தேக அளவுகோல் அது. ஒன்று, இரண்டுக்கு ஊசியே வேண்டாம். மூன்றுக்கு இரண்டரை சென்டிமீட்டர், நான்குக்கு ஒன்றரை, ஐந்துக்கு ஒரு சென்டிமீட்டர் எட்டினால் ஊசிப் பரிசோதனை.

3. ஊசிப் பரிசோதனையின் முடிவு 'பெதஸ்தா' முறையில் எந்த எண்? ஆறு வகை உண்டு. இரண்டு என்றால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை. ஆறு என்றால் புற்றுநோய். நடுவில் உள்ள மூன்றும் நான்கும்தான் குழப்பம். அங்கேதான் இன்னொரு நிபுணர் அவசியம் பார்க்க வேண்டும். ஊசி என்றதும் பயம் வேண்டாம், ரத்தம் எடுக்கிற ஊசியைப் போல மெல்லியதுதான்.

4. ஏன் முழுசாக எடுக்க வேண்டும்? பாதி ஏன் போதாது?

5. ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? "ஆபத்து" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். என்ன ஆபத்து, எவ்வளவு என்று கேளுங்கள்.

6. நீங்கள் வருஷத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள்? அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆண்டுக்கு 25-க்கு மேல் முழுத் தைராய்டு ஆபரேஷன் செய்கிறவர்கள் கையில் சிக்கல்கள் குறைவாக இருந்தன. பஸ் டிரைவரிடம் லைசென்ஸ் கேட்பது அவமரியாதையா?

"இப்படியெல்லாம் கேட்டால் டாக்டர் திட்டுவாரே?" என்கிறீர்கள். திட்டுவதற்கு அவருக்கு உரிமை இல்லை. கேட்பதற்கு உங்களுக்கு இருக்கிறது.

2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவரிடம் கேட்காமலே கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்த வழக்கில், 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பரிசோதனைக்குச் சம்மதித்தது சிகிச்சைக்குச் சம்மதித்தது ஆகாது. என்ன செய்யப்போகிறோம், வேறு வழி என்ன, ஆபத்து என்ன என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கினால் மட்டும் அது சம்மதம் இல்லை.

எங்கே போய் இரண்டாவது கருத்துக் கேட்பது? ஊசிப் பரிசோதனையின் கண்ணாடி ஸ்லைடையே கேட்டு வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டலாம். திரும்பக் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிக்கலான கேஸ் என்றால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனி அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது.

அரசுக்கு மூன்றே மூன்று வேண்டுகோள். ஒன்று, ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசியில் நாலு வரி தமிழில் எழுதச் சொல்லுங்கள். "கட்டி இவ்வளவு பெரிது, சந்தேகம் இவ்வளவு, அடுத்து செய்ய வேண்டியது இது." சோப்பு டப்பாவிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் தமிழ் கேட்கிற நாடு, ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏன் கேட்கவில்லை? இரண்டு, அவசரமில்லாத ஆபரேஷன் எதுவானாலும் காப்பீட்டில் இரண்டாவது கருத்துக்கும் பணம் கொடுங்கள். ஒரு வீண் ஆபரேஷனுக்குப் போகிற பணத்தில் எத்தனையோ பேருக்குக் கருத்துச் சொல்லிவிடலாம். மூன்று, அறிகுறி இல்லாதவர்களுக்குச் செக்கப் பேக்கேஜில் கழுத்து ஸ்கேனைச் சேர்த்து விற்பதைத் தடை செய்யுங்கள்.

டாக்டர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். "வேற டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வாங்கம்மா" என்று நீங்களே முதலில் சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொன்ன டாக்டரிடம்தான் ஜனங்கள் திரும்பி வருவார்கள். நம்பிக்கையை மிரட்டி வாங்க முடியாது.

கணியூரில் ஓவர்லாக் அடிக்கிற அந்தப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. கழுத்துக் கட்டி பெரும்பாலும் அவசரம் இல்லை அம்மிணி. அவசரப்படுத்துகிறவருக்குத்தான் அவசரம். தைத்த பீஸைத் திருப்பிப் பார்க்காமல் பெட்டியில் போடச் சொன்னால் நீங்கள் போடுவீர்களா? அதே கண்டிப்பை உங்கள் கழுத்து விஷயத்திலும் காட்டுங்கள். ஆபரேஷன் தேவை என்று இரண்டு பேர் காரணத்தோடு சொன்னால், தைரியமாகப் போய்ப் படுங்கள். காரணம் சொல்லாமல் தேதி மட்டும் சொன்னால், ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.